பின் இருக்கைப் பயணியை டிரைவராக்கிய செயலி: ஒரு பயணப் பதிவின் ஆய்வு

வண்டி ஓட்டும் விதத்தைக் கணக்கெடுக்கும் செயலிகளில் அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு. போனின் சொந்தக்காரர் வாடகைக் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்து போகிறார். இரவு செயலியைத் திறந்து பார்த்தால் அந்தப் பயணம் அவரே ஓட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டு திடீர் பிரேக், ஒரு முறை ஓட்டும்போது போன் பயன்பாடு, மதிப்பெண் சரிவு. அந்த மதிப்பெண்ணை வைத்துக் காப்பீட்டு பிரீமியம் கணக்கிடப்படுகிறது என்றால் இது வெறும் எரிச்சல் அல்ல, பணம்.

இங்கே பிரித்துப் பார்ப்பது அப்படிப்பட்ட ஒரு மாதிரிப் பயணம். பயண எண்களைக் கணக்கு விளங்குவதற்காக நாமே வைத்துக்கொண்டோம். இயற்பியலும் போன் இயங்குதளங்களின் (ஐபோனின் ஐஓஎஸ், ஆன்ட்ராய்டு) விதிகளும் உள்ளபடியே தரப்படுகின்றன.

பயணம் இதுதான். நான்கு கதவு செடான், ஸ்டியரிங் வலப்பக்கம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர். பயணி பின்பக்க இடது இருக்கையில். தூரம் 11 கி.மீ., நேரம் 34 நிமிடம். போன் முதலில் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.

பயணி ஏறி உட்கார்ந்த 12 விநாடியில் கார் நகர்ந்தது. நகர்ந்து 1 நிமிடம் 50 விநாடி கழித்துத்தான் செயலி ஜிபிஎஸ்ஸைத் தொடர்ச்சியாக இயக்கியது. அதற்குள் சுமார் 700 மீட்டர் போய்விட்டது. 6ஆம் நிமிடம் போன் பாக்கெட்டிலிருந்து கைக்கு வந்தது, 4 நிமிடம் கையிலேயே இருந்தது. 14ஆம் நிமிடம் கார் 38 கி.மீ. வேகத்திலிருந்து 21க்கு ஒன்றரை விநாடியில் இறங்கியது. 22ஆம் நிமிடம் மடியில் இருந்த போன் நழுவிக் காரின் தரையில் விழுந்தது. கடைசியில் கார் சாலையோரம் நின்றது, 8 விநாடியில் பயணி இறங்கி நடந்தார்.

இவ்வளவும் போனின் உணரிகளைத் தொட்டுப் போன நிகழ்வுகள். இவற்றில் செயலியின் கையில் எவை சிக்கின, எவை நழுவின என்பதில்தான் தவறின் வேர் இருக்கிறது.

செயலி எழுந்திருக்கும் முன்பே போய்விட்ட சாட்சி

எந்தச் செயலியும் நாள் முழுக்க ஜிபிஎஸ்ஸை ஓடவிடாது. பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் தூங்கிக்கொண்டே இருந்து, வண்டி நகர்கிறது என்று இயங்குதளம் சொல்லும்போது எழுந்துகொள்ளும். ஐபோனில் 2013இல் ஐபோன் 5எஸ் உடன் வந்த எம்7 என்ற துணைச் சில்லு முதல், முடுக்கமானியை (வேக மாற்றத்தை அளக்கும் உணரி) குறைந்த மின்சாரத்தில் எப்போதும் படித்துக்கொண்டிருக்க ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. நின்றிருக்கிறார், நடக்கிறார், ஓடுகிறார், சைக்கிளில் போகிறார், வாகனத்தில் போகிறார் என்று அது வகைப்படுத்தும். ஒவ்வொன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று நம்பிக்கை அளவும் தரும். ஆன்ட்ராய்டில் கூகுளின் நடவடிக்கை கண்டறியும் சேவை இதே வேலையைச் செய்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டு இயங்குதளங்களும் சொல்வது "வாகனத்தில்" என்பதோடு சரி. ஓட்டுகிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று எந்த இயங்குதளமும் செயலிக்குச் சொல்வதில்லை.

வாகனம் என்று தீர்மானிக்கச் சில பத்து விநாடிகள் முதல் ஓரிரு நிமிடங்கள் வரை ஆகும். நெரிசலில் ஊர்ந்து போனால் இன்னும் தாமதம். இருப்பிட மாற்றத்தை வைத்து எழுப்பும் வழியும் உண்டு. ஐபோனில் அது சுமார் 500 மீட்டர் நகர்ந்த பிறகே, அதுவும் 5 நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அல்லாமல், தகவல் தரும். வழக்கமாக வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்து, அதை விட்டு வெளியேறும்போது எழுவது மூன்றாவது வழி. ஒரு செயலிக்கு ஐபோனில் 20 வட்டங்கள், ஆன்ட்ராய்டில் 100. வாடகைக் கார் ஏறிய இடத்தில் எந்த வட்டமும் இருந்திருக்காது.

இந்தத் தாமதத்தில் இழந்தது 700 மீட்டர் மட்டும் என்றால் கவலையில்லை. காரில் ஏறும் தருணமும் அதோடு போய்விட்டது. எந்த இருக்கை என்பதற்கு மிக வளமான சாட்சி அந்தச் சில விநாடிகளில்தான் இருக்கிறது. இடது கதவு வழியாக ஏறுபவரின் உடலும் வலது கதவு வழியாக ஏறுபவரின் உடலும் உட்காரும்போது எதிரெதிர்த் திசையில் திரும்புகின்றன. பேண்ட் பாக்கெட்டில் இருக்கும் போனின் சுழல்மானி (திரும்பும் வேகத்தை அளக்கும் உணரி) அதைத் தெளிவாகக் காட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே ஆள் நடக்கத் தொடங்கியபோதே பதிவை ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைக்கு வந்த செயலிக்கு அந்த வசதி இல்லை. ஆன்ட்ராய்டு 9 முதல், பின்னணியில் தூங்கும் செயலிக்கு முடுக்கமானி, சுழல்மானி ஆகியவற்றின் தொடர் அளவீடு கிடைக்காது. அறிவிப்புப் பட்டையில் நிரந்தரமாக ஒரு அறிவிப்பைக் காட்டிக்கொண்டு இயங்கினால்தான் கிடைக்கும்.

முழுவதும் இழப்பு என்றும் சொல்ல முடியாது. ஐபோன் கடந்த 7 நாட்களின் நடவடிக்கை வகைகளைச் சேமித்து வைத்திருக்கும். எழுந்த பிறகு செயலி அதைத் திரும்பிக் கேட்கலாம். கச்சா அளவீடு வராது. ஆனால் நடை எப்போது நின்றது, வாகனம் எப்போது தொடங்கியது என்ற நேரங்கள் வரும். சொந்தக் காரில் ஏறுபவர் கதவை மூடி, பெல்ட் போட்டு, வண்டியைக் கிளப்பி, பின்னே பார்த்து எடுப்பார். காத்திருக்கும் வாடகைக் கார் ஆள் ஏறியதும் கிளம்பிவிடும். 12 விநாடி என்ற இடைவெளி சிறு சாட்சிதான், ஆனால் இலவசமாகக் கிடைப்பது. இந்தப் பயணத்தில் செயலி அதைக் கேட்கவே இல்லை.

இரண்டு பிரேக்கில் ஒன்று பிரேக்கே அல்ல

போன் எந்தக் கோணத்தில் கிடந்தாலும் காரின் முன்பக்கம் எது என்று செயலி கண்டுபிடித்தாக வேண்டும். புவியீர்ப்பு எப்போதும் கீழ்நோக்கி இருப்பதால் மெதுவாக மாறும் பகுதியை வடிகட்டினால் கீழ்த்திசை கிடைக்கும். ஜிபிஎஸ் வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் எந்தத் திசையில் முடுக்கம் வருகிறது என்று ஒப்பிட்டால் முன்திசை கிடைக்கும். போனைக் கையில் எடுத்த மறுகணம் இந்தக் கணக்கு செல்லாது; மறுபடி முதலிலிருந்து.

14ஆம் நிமிட பிரேக் உண்மையானது. 17 கி.மீ. வேகத்தை 1.5 விநாடியில் இழப்பது விநாடிக்கு 11.3 கி.மீ., அதாவது 3.15 மீ/வி². திடீர் பிரேக் என்று குறிக்கும் எல்லை செயலிக்குச் செயலி மாறினாலும் பெரும்பாலும் புவியீர்ப்பில் 0.3 முதல் 0.45 பங்குக்குள் இருக்கும். இது 0.32 பங்கு, கீழ் எல்லையைத் தாண்டுகிறது. ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறைதான் அளக்கிறது என்பதால் அதை மட்டும் நம்பினால் ஒன்றரை விநாடி பிரேக் இரண்டு அளவீடுகளில் பரவி மென்மையாகத் தெரியும். முடுக்கமானி விநாடிக்கு 50 முறை அளப்பதால் உச்சத்தைப் பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே ஒழுங்கான வழி.

22ஆம் நிமிட நிகழ்வு பிரேக்கே இல்லை. மடியிலிருந்து தரைக்கு 45 செ.மீ. விழ 0.3 விநாடி ஆகும். விழும் நேரம் முழுக்க முடுக்கமானியின் மூன்று அச்சுகளின் மொத்த அளவு ஏறக்குறைய சுழியம். தரையைத் தொட்டதும் பெரிய உச்சம். உண்மையான பிரேக்கில் மொத்தம் ஒருபோதும் குறையாது: புவியீர்ப்பின் கீழ்நோக்கிய 9.8 மீ/வி² உடன் குறுக்கே பிரேக்கின் 3.15 செங்கோணத்தில் சேர்ந்தால் 10.3 ஆகும். ஆக, மொத்த அளவு 9.8க்கு வெகு கீழே போனால் அது காரின் செயல் அல்ல, போனின் செயல். அதே விநாடியில் ஜிபிஎஸ் வேகம் 31இல் அசையாமல் இருந்தது. இரண்டு வரி நிரலில் முடியும் சோதனை இது. இதைக்கூடச் செய்யாமல் உச்சத்தை மட்டும் எண்ணும் செயலிகளை நம்பிப் பணக்கணக்குப் போடுவது அபத்தம்.

இடமா வலமா: ஒற்றைப் போனால் முடியாத காரியம்

வளைவில் திரும்பும் காரில் உள்பக்க இருக்கை சிறிய வட்டத்திலும் வெளிப்பக்க இருக்கை பெரிய வட்டத்திலும் போகின்றன. ஆகவே மையநோக்கு முடுக்கத்தை (வளைவின் மையத்தை நோக்கிய முடுக்கம்) வைத்து இருக்கையைச் சொல்லிவிடலாம் என்று விளக்கங்களில் எழுதுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

10 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தை 20 கி.மீ. வேகத்தில் எடுத்தால் சுழல் வேகம் விநாடிக்கு 0.556 ரேடியன், மையநோக்கு முடுக்கம் 3.09 மீ/வி². இடது இருக்கைப் போனுக்கும் வலது இருக்கைப் போனுக்கும் இடையே 0.8 மீட்டர் என்றால் இரண்டின் வித்தியாசம் 0.25 மீ/வி². போன்களில் இருக்கும் மலிவான முடுக்கமானிகளின் நிலைப்பிழை (அளவீட்டில் எப்போதும் கூடவே இருக்கும் பிழை) புவியீர்ப்பில் ஆயிரத்தில் 40 பங்கு வரை இருக்கலாம், அதுவே 0.39. திருப்பத்தில் கார் 3 பாகை சாய்ந்தால் புவியீர்ப்பின் பக்கவாட்டுக் கூறு 0.51. தேடும் பொருளை விடப் பிழை பெரிது.

அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. போனின் ஜிபிஎஸ் காரின் நடுப்புள்ளி வேகத்தை அளப்பதில்லை, போன் இருக்கும் இடத்தின் வேகத்தையே அளக்கிறது. வேகத்தைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் வருவது அந்த இடத்தின் மையநோக்கு முடுக்கம். முடுக்கமானி காட்டுவதும் அதே எண். எந்த இருக்கையில் வைத்தாலும் இந்தச் சமன்பாடு சரியாகவே வரும்! ஒப்பிட இரண்டாவது புள்ளி ஒன்று காருக்குள் இல்லாத வரை ஒற்றைப் போனால் தான் இடமா வலமா என்று இந்த வழியில் சொல்ல முடியாது. 2013இல் மோபிசிஸ் என்ற மொபைல் தொழில்நுட்ப மாநாட்டில் வந்த ஆய்வு இந்த வித்தியாசத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்தியது என்றால், அங்கே காரில் செருகும் ஒரு கருவியை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார்கள். அதற்கு முன் 2011இல் அதே துறையின் மோபிகாம் மாநாட்டில் வந்த முறை இன்னும் நேர்த்தியானது: புளூடூத் வழியாகக் காரின் இடது, வலது ஸ்பீக்கர்களில் உயர் அதிர்வெண் ஒலித் துடிப்புகளை எழுப்பி, போனின் மைக்கில் எது முன்னால் வந்தது என்று பார்ப்பது. ஒலி ஒரு மில்லிவிநாடியில் 34 செ.மீ. போகிறது; இருக்கையைப் பிரிக்க அது போதும். ஆனால் போன் காரோடு இணைந்திருக்க வேண்டும், பயணம் முழுக்க மைக் அனுமதியும் வேண்டும். காப்பீட்டுச் செயலிக்கு மைக்கைத் திறந்துவிட யார் சம்மதிப்பார்?

முன்னா பின்னா என்பது எளிது. வேகத்தடையை முன் சக்கரம் ஏறும்போது ஒரு குலுக்கல், பின் சக்கரம் ஏறும்போது இன்னொன்று. 20 கி.மீ. வேகத்தில் 2.6 மீட்டரைக் கடக்க 0.47 விநாடி, விநாடிக்கு 50 அளவீடு என்றால் இரண்டு குலுக்கலுக்கும் நடுவே 23 அளவீடுகள், தாராளமாகப் பிரிக்கலாம். பின் இருக்கை ஏறக்குறைய பின் அச்சின் மேல் இருப்பதால் இரண்டாவது குலுக்கல் அங்கே தெளிவாகப் பெரிதாக இருக்கும். முன் இருக்கையில் அந்த ஏற்றத்தாழ்வு இருக்காது. பின் இருக்கை என்று உறுதியானால் ஓட்டவில்லை என்பதும் உறுதி. ஒரு நிபந்தனை: போன் பாக்கெட்டிலோ இருக்கையிலோ இருக்க வேண்டும். கையில் பிடித்திருந்தால் முழங்கை ஸ்பிரிங்காக மாறிக் குலுக்கலை விழுங்கிவிடும். இந்தப் பயணத்தில் பாக்கெட்டில் இருந்த நேரத்தின் பெரும்பகுதி செயலி எழும் முன்பு அல்லது வேகத்தடை இல்லாத நேர்ச் சாலையில் கழிந்தது. கையில் வந்த பிறகு கடந்த மூன்று வேகத்தடைகளும் பயன்படவில்லை.

புளூடூத், மடியில் போன், சாலையோர நிறுத்தம்

வணிகச் செயலிகள் உண்மையில் சார்ந்திருப்பது இயற்பியலை அல்ல, பழக்கத்தை. முதன்மையானது கார் புளூடூத். தன் காரில் ஏறியதும் போன் தானாக ஹேண்ட்ஸ்ஃப்ரீயோடு இணைந்துகொள்கிறது. ஆன்ட்ராய்டில் அனுமதி இருந்தால் இணைந்த சாதனத்தின் அடையாளமே செயலிக்குத் தெரியும். ஐபோனில் ஒலி எந்த வழியாகப் போகிறது, கார் ஆடியோவா, ஹேண்ட்ஸ்ஃப்ரீயா என்பது தெரியும்.

இணைப்பு இருந்தால் டிரைவர், இல்லாவிட்டால் பயணி என்று பொதுவாக வைத்தால் தவறாகிவிடும். கணவன் மனைவி இருவர் போனும் ஒரே காரில் பதிந்திருக்கும். முதலில் வந்த போனைக் கார் பிடித்துக்கொள்ளும், ஓட்டுபவர் யாராக இருந்தாலும். புளூடூத்தே பயன்படுத்தாதவர்களும் ஏராளம். ஆகவே ஆளை வைத்தே அளக்க வேண்டும்: இந்த ஆள் ஓட்டிய முந்தைய பயணங்களில் பெரும்பாலும் இணைப்பு இருந்தது, இன்று இல்லை என்றால் அது வலுவான சாட்சி. ஒருபோதும் இணைக்காதவர் விஷயத்தில் இன்று இணைப்பு இல்லை என்பதற்கு எந்த மதிப்பும் கிடையாது. நம் பயணி தன் காரில் எப்போதும் இணைத்தே ஓட்டுபவர். ஆனால் போனைப் புதிதாக மாற்றியபோது செயலி கேட்ட புளூடூத் அனுமதியை மறுத்துவிட்டார். வலுவான சாட்சி அங்கேயே கைவிட்டுப் போனது.

முன் கண்ணாடியில் ஒட்டும் சிறு புளூடூத் பட்டையும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர்கள் 2010இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் மொபைல் டெலிமேட்டிக்ஸ் நிறுவனத்தின் டிரைவ்வெல் பட்டை இந்த வகை. உள்ளேயே முடுக்கமானி இருப்பதால் போன் விழுந்ததும் கார் குலுங்கியதும் குழம்பாது. பட்டையின் சமிக்ஞை கேட்காத பயணத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் வாடகைக் கார்த் தவறு ஒரேயடியாக ஒழியும். ஆனால் பட்டை சொல்வது எந்தக் கார் என்பதை; எந்த இருக்கை என்பதை அல்ல. சமிக்ஞை வலிமையை வைத்துத் தூரத்தை ஊகிக்கலாம் என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாக உறிஞ்சும், கூரையும் கதவும் எதிரொலிக்கும். பின் பாக்கெட்டில் இருக்கும் டிரைவர் போன், முன் பயணியின் கையில் இருக்கும் போனைவிடத் தூரமாகத் தெரியும். 2021இல் வந்த டிஜிட்டல் கீ 3.0 தரநிலையில் கார்ச் சாவியாகும் போனை அல்ட்ரா வைட்பேண்ட் அலையால் செ.மீ. அளவில் அளக்க வழி இருக்கிறது. அந்த அளவீடு காரின் கைக்குப் போகிறதே தவிர, கடையிலிருந்து இறக்கிய சாதாரணச் செயலியின் கைக்கு வருவதில்லை.

அடுத்தது போன் பயன்பாடு. இந்தப் பதிவில் மிக நகைப்புக்குரிய பகுதியும் இதுதான். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது 4 நிமிடம் இடைவிடாமல் திரை எரிந்தபடி போன் கையில் சிறு சிறு சாய்வுகளோடு அசைந்தது. ஓட்டுபவர் போனை எடுத்தால் பெரும்பாலும் சிக்னலில் எடுப்பார், சில விநாடி பார்ப்பார், வைப்பார். 30 கி.மீ. வேகத்தில் 4 நிமிடம் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது பயணியின் நடத்தை. செயலி இதைப் பயணி என்பதற்குச் சாட்சியாக எடுக்காமல், டிரைவரின் கவனச்சிதறல் என்று எடுத்து மதிப்பெண்ணைக் குறைத்தது. யார் ஓட்டினார் என்று முதலில் முடிவு செய்து, பிறகே மதிப்பெண் போட வேண்டும். இங்கே மதிப்பெண் போடும் பகுதி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. யார் என்ற கேள்வியை அது கேட்கவில்லை.

கடைசிச் சாட்சி முடிவில் இருந்தது. ஓட்டியவர் வண்டியை நிறுத்தும்போது மெதுவாகத் திரும்புவார், பின்னே எடுப்பார், நேராக்குவார், அணைப்பார், பிறகு இறங்குவார். இங்கே கார் சாலையோரம் நின்ற 8 விநாடியில் நடை தொடங்கியது. பின்னே எடுத்த அடையாளம் இல்லை. பயணம் முடிந்ததா, சிக்னலில் நிற்கிறதா என்று தெரியாமல் செயலிகள் சில நிமிடம் காத்திருந்துதான் பதிவை மூடும். இந்தச் செயலி 5 நிமிடம் காத்திருந்தது. நல்லவேளையாக அந்த 5 நிமிட நடையும் பதிவுக்குள்ளேயே இருந்தது.

எண்ணிக்கையில் தோற்றது எப்படி

இந்த ஆள் பத்துப் பயணத்தில் ஒன்பதைத் தானே ஓட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். போனை எடுத்துப் பார்க்கும் முன்பே டிரைவர் பக்கம் 9, பயணி பக்கம் 1 என்று தட்டு சாய்ந்திருக்கிறது. இனி சாட்சிகளை ஏற்றுவோம், எடைகள் நம் ஊகம்: எப்போதும் இருக்கும் புளூடூத் இணைப்பு இன்று இல்லை என்பது பயணி என்பதற்கு 8 மடங்கு சாதகம், 12 விநாடி இடைவெளி 2 மடங்கு, 4 நிமிடம் கையில் போன் 3 மடங்கு, நிறுத்தும் அசைவுகள் இல்லாத முடிவு 3 மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கினால் 144. 9க்கு எதிராக 144, அதாவது 1க்கு 16. பயணி என்று 94 சதவீதம் துணிந்து சொல்லலாம். சாட்சிகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் இதில் இருக்கிறது. உண்மையில் கொஞ்சம் சார்ந்தே இருக்கும் என்பதால் துணிவைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

புளூடூத் அனுமதி மறுக்கப்பட்டதால் 8 போனது. பழைய நடவடிக்கைப் பதிவைக் கேட்காததால் 2 போனது. மிஞ்சியது 9. 9க்கு எதிராக 9. சரிபாதி!

அந்தச் சரிபாதியைச் செயலி எப்படித் தீர்த்தது என்பதே இந்தப் புகாரின் விடை. ஐயம் வந்தால் டிரைவர் என்று எழுது என்பது அதன் விதி. பதிவில் "டிரைவர்" என்று நிற்பது அளந்து கண்ட முடிவு அல்ல, யாரும் மறுக்காததால் நின்றுபோன ஆரம்ப அனுமானம். பயன்படுத்துபவர் பார்க்கும் திரையிலோ இரண்டுக்கும் ஒரே பச்சை எழுத்து.

இப்படி வைக்கக் காரணமும் உண்டு. மோசமாக ஓட்டிய பயணங்களை மட்டும் "நான் ஓட்டவில்லை" என்று மாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாற்றியவற்றையே உண்மை விடை என்று எடுத்து, டிரைவரா பயணியா என்று கணிக்கும் கணினி மாடலுக்குப் பயிற்சி கொடுத்தால், திடீர் பிரேக் அதிகம் இருந்தால் பயணி என்று மாடல் கற்றுக்கொள்ளும். தவறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். ஆனால் இந்த அச்சத்தின் விலையை நேர்மையாக மாற்றுபவரின் தலையில் கட்டுவது எந்த வகையில் நியாயம்? ஆப்பிள் 2017இல் ஐஓஎஸ் 11இல் ஓட்டும்போது தொந்தரவு வேண்டாம் வசதியைக் கொண்டுவந்தபோது, "நான் ஓட்டவில்லை" என்ற பொத்தானையும் சேர்த்தே வைத்தது. 2016இல் போக்கிமான் கோ விளையாட்டு, வேகமாக நகரும்போது நான் பயணி என்று அழுத்தச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனங்களே ஆளைக் கேட்டுத்தான் முடிவு செய்தன.

கேட்காமலே சேகரிக்கும்போது விஷயம் நீதிமன்றத்துக்குப் போகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் ஆல்ஸ்டேட் காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் அதன் துணை நிறுவனமான அரிட்டியின் மீதும் வழக்குத் தொடுத்தார். பிற செயலிகளுக்குள் பொதிந்த நிரல் வழியாக மக்களின் ஓட்டும் தரவைச் சம்மதமின்றித் திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. பேருந்திலோ டாக்சியிலோ நண்பர் காரிலோ பயணியாகப் போனவரின் மேல் அந்த வண்டியை ஓட்டியவரின் தவறு ஏற்றப்படும் என்பதும் மனுவில் இருக்கிறது. இந்தப் பயணியின் புகாரும் அதுவேதான்.

சரிசெய்ய

பயன்படுத்துபவர் முதலில் செய்ய வேண்டியது அன்று இரவே பயணப் பட்டியலைத் திறந்து மாற்றுவது. பல செயலிகள் மாற்றக் கெடு வைத்திருக்கின்றன. மாற்றிய பின் மதிப்பெண் மறுபடி கணக்கிடப்பட்டதா என்று அடுத்த நாள் பாருங்கள். பெயர்ப்பட்டை மட்டும் மாறி மதிப்பெண் அப்படியே நிற்பது உண்டு. தன் காரின் புளூடூத்தைச் செயலியில் "என் கார்" என்று பதிந்துவிடுவது, இருக்கும் வழிகளில் மிகப் பலன் தருவது. துல்லிய இருப்பிடத்தை அணைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஐஓஎஸ் 14, ஆன்ட்ராய்டு 12 முதல் இது முடியும். அணைத்தால் கிடைப்பது பல சதுர கி.மீ. பரப்பளவிலான ஊகம் மட்டுமே. பயணமே பதிவாகாது, சில காப்பீட்டுத் திட்டங்களில் பதிவாகாத நாட்களே பாதகமாக எண்ணப்படும். பேட்டரி சேமிப்பு ஆன்ட்ராய்டில் செயலியை நடுவழியில் நிறுத்தினால் ஒரே பயணம் இரண்டு மூன்று துண்டாகும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும்.

செயலி செய்பவர்களுக்கு: டிரைவர், பயணி என்பதோடு "தெரியவில்லை" என்ற மூன்றாவது நிலை வேண்டும், அந்த நிலையில் உள்ள பயணம் மதிப்பெண்ணில் சேரக் கூடாது. எந்தச் சாட்சிகளால் முடிவு வந்தது என்பதைப் பயணத்தோடு சேமித்து, கேட்டால் காட்ட வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டதால் இல்லாத சாட்சியையும், பார்த்தும் காணாத சாட்சியையும் ஒன்றாகக் கருதக் கூடாது. இந்தப் பயணத்தில் நடந்தது அதுதான். கேள்வி கேட்பதென்றால் சரிபாதிக்கு அருகில் நிற்கும் பயணங்களுக்கு மட்டும், பயணம் முடிந்த சில நிமிடங்களில், மதிப்பெண்ணைக் காட்டும் முன்பு கேட்க வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கேட்டால் பதிலில் மதிப்பெண்ணின் சாயம் ஏறிவிடும்.

சோதனையைப் பொறுத்தவரை, ஒரே காரின் நான்கு இருக்கைகளிலும் போன் வைத்து ஒரே பயணத்தை நான்கு பதிவுகளாக எடுப்பது அடிப்படை. பாக்கெட், கை, கைப்பை, கப் ஹோல்டர், டாஷ்போர்டு பிடிப்பான் என்று இடத்தை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரில் பயின்ற மாடலை வலப்பக்கக் காரில் அப்படியே இறக்கினால் ஏறும் திசையை நம்பும் பகுதி தலைகீழாகிவிடும். துல்லியம் இவ்வளவு சதவீதம் என்று யாராவது சொன்னால், டிரைவர் இருக்கையையும் முன் பயணி இருக்கையையும் பிரிக்கும் எண்ணைத் தனியாகக் கேளுங்கள். பின் இருக்கைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்த மாடலும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.